உடைக்க முன்னர், வாங்க முன்னர், குடிபுக முன்னர்: வீடு திருத்துவோர் கவனத்திற்கு



“வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்து பார்” என்று நம் ஊரில் சொல்வார்கள். கனடாவுக்கு வந்த எம்மவரில் அநேகர் வீட்டைக் கட்டுவதில்லை. யாரோ கட்டி, யாரோ வாழ்ந்துவிட்டுப் போன வீட்டை வாங்கி அதைத் திருத்துகிறோம். பேஸ்மென்ற்றை முடித்து வாடகைக்கு விடுகிறோம். குசினியை உடைத்துப் புதிதாக்குகிறோம். பிள்ளை பிறக்கப் போகிறது என்றால் ஓர் அறைக்குப் புதுப் பெயின்ற் அடிக்கிறோம். எவ்வளவு செலவாகும், எத்தனை நாளாகும், எந்த நிறம் எடுபடும் என்றெல்லாம் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் உடைக்கும்போது கிளம்பும் தூசியில் என்ன இருக்கிறது, புதிதாகப் பூசியதிலிருந்து என்ன வெளிவருகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

நாங்களும் கேட்கவில்லை. கேட்காததால் என்ன நடந்தது என்பதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். நாங்கள் கணவனும் மனைவியும் வைத்தியர்கள் அல்லர். ஸ்காபரோவில் ஒரு பழைய வீட்டில் முப்பது வருடம் குடியிருப்பவர்கள், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலை

எங்களது வீடு 1957ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒரு பங்களோ. 1996இல் வாங்கினோம். சென்ற ஆண்டு, ஒட்டாவாவில் இருக்கும் எங்கள் மகள் முதற் பிள்ளைப்பேற்றுக்கு எங்களிடம் வருவதாக இருந்தாள். ஏழாம் மாதம் வந்துவிடுவாள். அதற்கிடையில் பேஸ்மென்ற் நிலத்தை மாற்றி, மேலே அவளுடைய பழைய அறைக்குப் பெயின்ற் அடித்து, எல்லாவற்றையும் புதிதாக்கி வைக்கவேண்டும் என்று நினைத்தோம். கையில் இருந்தது இரண்டே மாதம்.

மச்சான்மார் இருவர் உதவிக்கு வந்தார்கள். மதியத்துக்குக் கொத்துரொட்டி சொல்லியாயிற்று. காலை எட்டு மணிக்குச் சுத்தியலும் உளியுமாக வேலை தொடங்கியது. பழைய ரைல்கள் சில முழுதாகக் கழன்றன, சில நொறுங்கின. தூசியைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளினோம். பத்துப் பன்னிரண்டு ரைல் கழற்றியிருப்போம். அப்போது எங்கள் பெறாமகன் வந்தான். கட்டட வேலைத்தளத்தில் வேலை செய்பவன். படியிலிருந்து இறங்கும்போதே நின்றுவிட்டான்.

“பெரியப்பா, கொஞ்சம் நில்லுங்கோ. இந்த ரைல் எத்தினை அங்குலம்?”

அளந்தோம். ஒன்பதுக்கு ஒன்பது.

“தும்புத்தடியை வையுங்கோ. எல்லாரும் மேல போங்கோ. பெரியம்மா, ஃபேர்னஸை நிப்பாட்டுங்கோ.”

ஒன்பது அங்குலச் சதுர ரைல்களும் அவற்றின் கீழே இருக்கும் கறுப்புப் பசையும் அந்தக் காலத்து வீடுகளில் அஸ்பெஸ்ரஸ் கலந்தவையாக இருப்பது சாதாரணம் என்று வேலைத்தளப் பயிற்சியில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் தனது வேலைப் பெட்டியிலிருந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு, உடைந்தவற்றின்மேல் தண்ணீர் தெளித்து, தடித்த பொலித்தீன் விரிப்பால் மூடிக் கதவை அடைத்தான். ஒரு துண்டு ரைலையும் கொஞ்சப் பசையையும் இரட்டைப் பையில் இட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். மூன்று நாளில் முடிவு வந்தது. இரண்டிலும் அஸ்பெஸ்ரஸ் இருந்தது.

சோதனைக்குச் செலவானது சில பத்து டொலர்கள்தான். அதை முதல் நாளே செய்திருந்தால் அந்தச் சனிக்கிழமை இல்லை. நிலத்தில் சேதமில்லாத ரைல்களைக் கழற்றவே தேவையிருந்திருக்காது. அவற்றின்மேல் புதிய நிலத்தைப் போட்டு மூடியிருக்கலாம். கடைசியில் உடைத்த பகுதியைச் சுத்தம் செய்ய அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிட்டு, மிச்சத்தை மூடச்செய்தோம். புதிய நிலத்துக்கென்று வைத்திருந்த காசில் பெரும்பகுதி அதற்கே போயிற்று.

எங்கள் குடும்ப வைத்தியரிடமும் போனோம். ஒருநாள் சிறிது நேரம் சுவாசித்ததால் வரும் ஆபத்து மிகச் சிறியது என்றார். அது உள்ளே போயிற்றா இல்லையா என்று இன்று காட்டக்கூடிய சோதனை எதுவும் இல்லை என்றார். எங்கள் மருத்துவக் குறிப்பில் எழுதிக்கொண்டார். “இனி அப்படிச் செய்யாதீர்கள். புகைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்” என்றார். எங்கள் மச்சான் ஒருவர் புகைப்பவர். அஸ்பெஸ்ரஸும் புகைத்தலும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பன்மடங்காகும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அதன்பின் நாங்கள் படித்தவற்றையும் விசாரித்து அறிந்தவற்றையும் மூன்று “முன்னர்”களாகத் தருகிறோம்.

முதலாவது: உடைக்க முன்னர்

வீடு திருத்தும்போது நச்சில்லாத புதுப் பொருளைத் தேடுவது நல்லதே. ஆனால் பழைய வீடுகளில் பெரிய ஆபத்து பெரும்பாலும் வாங்கிவரும் பொருளில் இல்லை. ஏற்கெனவே சுவரிலும் நிலத்திலும் இருப்பதை உடைப்பதிலேயே இருக்கிறது.

அஸ்பெஸ்ரஸ்: ஊரில் நாம் அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகட்டின் கீழே வளர்ந்தவர்கள். அது நமக்குப் பழகிய பொருள். பழகியதால் பயமும் இல்லை. கனடாவும் ஒரு காலத்தில் உலகிலேயே அதிகமாக அஸ்பெஸ்ரஸ் தோண்டிய நாடுகளில் ஒன்று. கியூபெக் மாகாணத்தில் அஸ்பெஸ்ரஸ் என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருந்தது. 2020இல்தான் அந்த ஊரவர்கள் வாக்களித்துப் பெயரை மாற்றினார்கள். அஸ்பெஸ்ரஸையும் அது கலந்த பொருட்களையும் இறக்குமதி செய்வதும் விற்பதும் பாவிப்பதும் 2018 டிசம்பர் 30 முதல் கனடாவில், சில விதிவிலக்குகளுடன், தடைசெய்யப்பட்டன. ஏற்கெனவே வீடுகளில் இருப்பதை அந்தத் தடை அகற்றவில்லை.

1990க்கு முன்னர் கட்டிய வீடு என்றால் இருக்கலாம் என்று எண்ணியே நடக்கவேண்டும். நில ரைல், அதன் பசை, பழைய வினைல் விரிப்பின் அடிப்பகுதி, சூடான குழாய்களைச் சுற்றிய வெள்ளைச் சுற்று, சோளப்பொரி ஒட்டியதுபோன்ற கூரைப் பூச்சு, டிறைவோல் பலகைகளின் இணைப்புகளில் பூசிய பசை, சீமெந்துத் தகடு என்பன வழக்கமான இடங்கள். சேதமில்லாமல் இருக்கும்வரை இவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. வெட்டினால், தேய்த்தால், துளைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் பறக்கும். உள்ளே போன நார் நுரையீரலில் தங்கிவிடும். நுரையீரல் தழும்பு நோயும், நுரையீரல் புற்றுநோயும், மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகலாம். இதனாலேயே “நான் எத்தனை வீடு உடைத்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று யாராவது சொன்னால் அதை ஆதாரமாக எடுக்கக்கூடாது.

மேல் பரணில் இருக்கும் வேர்மிகியூலைற்: பரணில் சாம்பல் கலந்த பழுப்பு அல்லது பொன்னிறத்தில், சிறு கற்கள்போல மினுங்கும் குருணை கொட்டப்பட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். 1990 வரை விற்கப்பட்ட இந்த வெப்பக்காப்புப் பொருளில் பெரும்பகுதி அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கத்தில் அஸ்பெஸ்ரஸும் கலந்திருந்தது. அப்படியான பரணைப் பழைய சூட்கேஸ் வைக்கும் இடமாகப் பாவிக்கக் கூடாது. பிள்ளைகளை அங்கே ஏறவிடவும் கூடாது. கூரையில் விளக்கு மாட்டத் துளைபோடுவதற்கு முன்னரும் யோசிக்கவேண்டும்.

ஈயப் பெயின்ற்: 1960க்கு முன்னர் கட்டிய வீடு என்றால் பழைய பெயின்ற் அடுக்குகளில் ஈயம் இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. 1960க்கும் 1990க்கும் இடைப்பட்ட வீடுகளில் வெளிப்புறப் பெயின்ற்றில் இருக்கலாம். உள்ளேயும் குறைந்த அளவில் இருக்கலாம். அதன் பின்னர் கட்டியவற்றில் பெரும்பாலும் இல்லை. உரியாமல் இருக்கும் பழைய பெயின்ற்றின்மேல் புதுப் பெயின்ற் அடித்து மூடினால் போதும். கேடு வருவது அதை உரசும்போது. மண்ணிரத்தாள் போட்டு உலர உரசுவது, சூடுகாற்றுத் துப்பாக்கியால் உருக்குவது இரண்டும் கூடாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1996 கோடையில் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எல்லா யன்னல் சட்டங்களையும் நாங்களே மண்ணிரத்தாளால் உரசிப் பெயின்ற் அடித்தோம். வெள்ளைத் தூசி நிலமெல்லாம் படிந்திருந்தது. அதே நிலத்தில் அன்று தவழ்ந்து திரிந்தவள்தான் இன்று பிள்ளைப்பேற்றுக்கு வர இருந்த மகள். ரைல் முடிவு வந்த பின்னர் யன்னல் பெயின்ற்றிலும் ஒரு சீவலைச் சோதனைக்கு அனுப்பினோம். அதன் அடி அடுக்கில் ஈயம் இருந்தது.

சிறுவர்களின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. உடலுக்குள் போன ஈயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் எலும்பிலிருந்து இரத்தத்துக்கு வந்து கருவையும் சென்றடையலாம். இதை வாசித்த இரவு எங்கள் இருவருக்கும் நித்திரை இல்லை. மறைக்காமல் மகளுக்குச் சொன்னோம். அவள் தனது வைத்தியரிடம் சொல்லி இரத்தச் சோதனை செய்தாள். கவலைப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அன்று இரவுதான் நித்திரை கொண்டோம். பழைய வீட்டில் உரசல் வேலை நடக்கும்போது சிறு பிள்ளைகளோ கர்ப்பிணிப் பெண்களோ அந்த வீட்டில் இருக்கக்கூடாது என்பதை இதிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி ஏற்கெனவே நடந்திருந்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தோட்டத்து மரத்தளம்: 2004க்கு முன்னர் கட்டிய பச்சை நிறம் ஏறிய மரத்தளங்கள் பல ஆசனிக் கலந்த மருந்து ஏற்றிய மரத்தால் ஆனவை. அதை உடைத்தால் எரிக்காதீர்கள். சாம்பலில் ஆசனிக் சேரும். அந்தப் பலகையைக் கத்தரிக்கும் வெண்டிக்கும் பாத்தி கட்டப் பாவிக்கவும் வேண்டாம்.

முகமூடி பற்றி ஒரு வார்த்தை. துணி மாஸ்க்கும் மருத்துவ மாஸ்க்கும் அஸ்பெஸ்ரஸுக்கு எதிராக எந்தப் பயனும் தராது. சாதாரண வக்கியூம் கிளீனர் நுண்தூசியை மறுபக்கத்தால் வெளியே தள்ளிவிடும். கூட்டுவதும் கூடாது. ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. அஸ்பெஸ்ரஸ் உறுதியானால் சொந்தக் கையால் எதுவும் செய்யாமல் பயிற்சி பெற்றவர்களிடம் விடுவதே புத்தி.

இரண்டாவது: வாங்க முன்னர்

புதுப் பெயின்ற் மணம் நமக்கு மகிழ்ச்சியான மணம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சுவருக்கு வெள்ளை அடித்த நினைவு வரும். ஊரில் அடித்தது சுண்ணாம்பு. யன்னல்கள் நாள் முழுக்கத் திறந்திருக்கும். இங்கே அடிப்பது வேறு, யன்னல்கள் ஆறு மாதம் மூடியிருக்கும். அந்த மணத்தில் பெரும்பகுதி, பெயின்ற் காயும்போது ஆவியாகும் இரசாயனங்கள். இவற்றைச் சுருக்கமாக வி.ஓ.சி. என்பார்கள். தலையிடி, கண் எரிவு, தொண்டை கரகரப்பு வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்புக் கூடலாம்.

பெயின்ற் வாங்கும்போது நீரில் கரையும் வகையையே கேளுங்கள். தகரத்தின் லேபலில் ஒரு லீற்றருக்கு எத்தனை கிராம் வி.ஓ.சி. என்று இருக்கும். குறைந்த வி.ஓ.சி. என்று விற்பவை பொதுவாக 50 கிராமுக்குக் கீழே இருக்கும். இல்லை என்று விற்பவை 5 கிராமுக்குக் கீழே இருக்கும். இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று, “மணம் குறைந்தது” என்று எழுதியிருந்தால் வி.ஓ.சி. குறைந்தது என்று பொருளல்ல. மற்றது, கடையில் நிறம் கலக்கும்போது சேர்க்கும் சாயத்திலும் வி.ஓ.சி. இருக்கலாம். கடும் நிறமென்றால் சாயமும் அதிகம். சாயத்திலும் வி.ஓ.சி. இல்லாதது உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய பெயின்ற்றைக் கழற்றும் திரவங்களில் மெதிலீன் குளோரைட் என்ற பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய குளியலறையில் இதைப் பாவித்தவர்கள் அங்கேயே மயங்கி இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இது கலந்த பெயின்ற் கழற்றிகளைப் பொதுமக்களுக்கு விற்பது 2019இல் தடைசெய்யப்பட்டது. பழைய போத்தல் கராஜில் கிடந்தால் நகரசபையின் நச்சுக்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது பலகை. குசினி அலுமாரி, தட்டு, லமினேற் நிலம், மலிவான கட்டில் என்பனவெல்லாம் பெரும்பாலும் மரத்தூளையும் மரநாரையும் பசையில் அமுக்கிச் செய்தவை. அந்தப் பசையிலிருந்து போமல்டிஹைட் என்ற வாயு மாதக்கணக்கில் வெளிவரலாம். வெப்பமும் ஈரப்பதனும் கூடினால் அது அதிகமாகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக அறிவித்தது. கனடாவில் இப்படியான பலகைகளிலிருந்து எவ்வளவு வெளிவரலாம் என்பதற்கு 2023 ஜனவரி 7 முதல் சட்ட வரையறை உண்டு. எனவே அலுமாரி செய்பவரிடம் “இந்தப் பலகை கனடாவின் போமல்டிஹைட் விதிக்கு அமைந்ததா? லேபலைக் காட்டுங்கள்” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. போமல்டிஹைட் சேர்க்காத பசையால் செய்த பலகைகளும் கிடைக்கின்றன. வெட்டிய விளிம்புகளை மூடாமல் விடாதீர்கள். வாயு அதிகம் வெளிவருவது அங்கேதான். விளிம்புப் பட்டி ஒட்டும்படியோ மேலே பூசும்படியோ சொல்லுங்கள்.

நிலத்துக்குப் பேஸ்மென்ற்றில் எது நல்லது? சீமெந்துக்கு மேலே நேரே கம்பளம் ஒட்டுவது நல்லதல்ல. சீமெந்தின் ஈரம் மேலே வந்து அடியில் பூஞ்சணம் பிடிக்கும். மேலே பார்த்தால் தெரியாது. பீங்கான் ரைல் ஈரத்துக்கும் தாங்கும், எதையும் வெளிவிடாது. குளிராக இருக்கிறது என்றால் கழுவக்கூடிய சிறு விரிப்புகளைப் போடலாம். வேறு நிலம் போடுவதானால், அடியில் ஈரத்தைத் தடுக்கும் புள்ளி விரிப்பு ஒன்றைப் போட்டு, ஒட்டாமல் பூட்டிப் பொருத்தும் வகையைத் தெரிவுசெய்தால் பசையும் மிச்சம், மணமும் மிச்சம். முதலில் நீர் கசிவை நிறுத்தவேண்டும். கசியும் பேஸ்மென்ற்றை அழகாக மூடுவது பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

சுவருக்குள் நுரை அடிப்பதாயின், அந்த வேலை நடக்கும்போதும் அதன்பின் ஆகக்குறைந்தது ஒருநாளும் வீட்டில் யாரும் இருக்கக்கூடாது. அடிப்பவர் எத்தனை மணித்தியாலம் என்று எழுதித் தரவேண்டும். குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்கள் அவசரப்பட்டுத் திரும்பி வரக்கூடாது.

“இயற்கையானது” என்ற சொல்லையும் அப்படியே நம்பவேண்டாம். பைன் மரத்திலிருந்து எடுக்கும் டேர்ப்பன்ரைன் இயற்கையானதுதான், அதன் ஆவியும் நெஞ்சைப் பிடிக்கும். இலை படம் போட்ட லேபலைவிட, பொருளிலிருந்து என்ன வெளிவருகிறது என்று வெளியார் ஆய்வு செய்து கொடுத்த சான்றே நம்பத்தக்கது. பெயின்ற், பலகை, தளபாடம் போன்றவற்றில் கிறீன்கார்ட் கோல்ட் என்ற முத்திரையையும், நிலப் பொருட்களில் ஃபுளோர்ஸ்கோர் என்ற முத்திரையையும் தேடலாம்.

குசினியைத் திருத்துபவர்கள் இன்னொன்றையும் மறக்கவேண்டாம். பொரிப்பதும் வறுப்பதும் தாளிப்பதும் நம் சமையல். அடுப்புக்கு மேலே உள்ள காற்றாடி புகையை வெளியே தள்ளவேண்டும். வடியைக் கடந்து மீண்டும் குசினிக்குள்ளேயே விடும் வகையால் பயன் குறைவு. சுவரைத் திறந்த நேரத்தில் ஒரு குழாயை வெளியே விடுவது சுலபம். மூடிய பிறகு கஷ்டம்.

மூன்றாவது: குடிபுக முன்னர்

நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பால் காய்ச்ச நல்ல நாள் முதலில் குறிக்கப்படும். அழைப்பும் போய்விடும். பிறகு அந்த நாளுக்குள் வேலையை முடிக்க ஓட்டம். முதல்நாள் இரவு கடைசிப் பூச்சு அடிக்கப்படும். அடுத்தநாள் ஐம்பது பேர் வருவார்கள். கைக்குழந்தைகளும் வருவார்கள். பெயின்ற் மணம் தெரியாமலிருக்கச் சாம்பிராணி போடுவார்கள். சாம்பிராணிப் புகை அந்த ஆவியை அகற்றாது. புகையும் சேர்ந்து இரட்டிப்பாகும்.

நல்ல நாளை மாற்றச் சொல்லவில்லை. பெயின்ற் வேலையை முன்னுக்கு எடுங்கள் என்கிறோம். நீர் பெயின்ற்றாக இருந்தாலும் சில நாட்களாவது யன்னலைத் திறந்து, காற்றாடியை வெளிநோக்கி வைத்துக் காற்றாட விடவேண்டும். குழந்தை படுக்கப் போகும் அறை என்றால் சில வாரங்கள் விட்டால் நல்லது. இந்த நாட்டில் மே முதல் ஒக்ரோபர் வரையே யன்னல் திறக்கக்கூடிய காலம். பெயின்ற், வார்னிஷ், பசை வேலைகளை அந்தக் காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய அலுமாரியையும் கட்டிலையும் பெட்டியிலிருந்து எடுத்துச் சில நாட்கள் கராஜில் வைத்து, மணம் குறைந்தபின் உள்ளே கொண்டுவாருங்கள். மிச்சப் பெயின்ற் தகரங்களைப் ஃபேர்னஸ் அறையில் அடுக்காதீர்கள்.

பேஸ்மென்ற்றை முடிப்பவர்களுக்கு றேடன் பற்றியும் சொல்லவேண்டும். மண்ணிலிருந்து வெடிப்புகள் வழியாக வீட்டுக்குள் வரும், நிறமும் மணமும் இல்லாத கதிரியக்க வாயு இது. கனடாவில் புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் இதுவே. இந்நாட்டு நுரையீரல் புற்றுநோய் மரணங்களில் சுமார் 16 சதவீதம் இதனால் என்று கணிக்கப்பட்டுள்ளது. ஒரு சிறு கருவியைக் குளிர்காலத்தில் மூன்று மாதம் வைத்துச் சோதிக்கவேண்டும். ஒரு கன மீற்றருக்கு 200 பெக்கரெல் என்ற அளவுக்கு மேலிருந்தால் குறைக்க வழிசெய்ய வேண்டும். நிலத்தை மூடிச் சுவரை அடைக்க முன்னர் சோதித்தால் குழாய் போடுவது சுலபம், செலவும் குறைவு. வாடகைக்கு விடுபவர்கள் இதைக் கட்டாயம் செய்யவேண்டும். கீழே படுத்து எழும்புவது ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பிள்ளையாக இருக்கலாம். நாமும் ஒரு காலம் யாரோ ஒருவரின் பேஸ்மென்ற்றில் இருந்தவர்கள்தானே!

வேலை செய்பவர்களும் எம்மவரே

எமது சமூகத்தில் பெயின்ற் அடிப்பவர்கள், நிலம் போடுபவர்கள், டிறைவோல் பூட்டுபவர்கள் எத்தனையோ பேர். சிலர் நாள் சம்பளத்துக்கு, பயிற்சியோ சரியான முகமூடியோ இல்லாமல் வேலை செய்கிறார்கள். வீட்டுக்காரர் ஒருநாள் சுவாசிப்பதை அவர்கள் ஆண்டு முழுக்கச் சுவாசிக்கிறார்கள். அவர்களுடைய உடுப்பில் ஒட்டிய தூசி அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் போகிறது.

குசினி மேடைக்கு இப்போது பலரும் விரும்பும் செயற்கைக் குவாட்ஸ் கல்லை எடுத்துக்கொள்வோம். அதில் பல வகைகள் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா. பூட்டிய பின்னர் நமக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் அதைத் தண்ணீர் இல்லாமல் உலர வெட்டி மினுக்குபவர்களின் நுரையீரலில் அந்தத் தூசி படிந்து சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தருகிறது. இளம் வயதுத் தொழிலாளர்கள் பலர் பாதிக்கப்பட்டதால் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லைத் தடைசெய்தது. கனடாவில் அப்படித் தடையில்லை. ஆகவே வாங்குபவர்களாகிய நாம் ஒரு கேள்வியாவது கேட்கலாம். “உங்கள் பட்டறையில் தண்ணீர் விட்டா வெட்டுகிறீர்கள்? எங்கள் வீட்டுக்குள் வைத்து உலர வெட்டவேண்டாம்.”

ஒன்ராறியோவில் கட்டட வேலைகளில் அஸ்பெஸ்ரஸைக் கையாள்வதற்கு 2005ஆம் ஆண்டின் 278ஆம் இலக்க ஒழுங்குவிதி இருக்கிறது. “இதெல்லாம் தேவையில்லை அண்ணை, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லி விலையைக் குறைப்பவர் தனது உயிரையும் குறைத்து விற்கிறார். அதை நாம் வாங்கக்கூடாது.

ஒப்பந்தகாரரிடம் கேட்கவேண்டியவை

1. எங்கள் வீடு எந்த ஆண்டு கட்டியது என்று தெரியுமா? உடைக்க முன்னர் எவற்றைச் சோதிக்கவேண்டும்?

2. தூசி மற்ற அறைகளுக்குப் போகாமல் எப்படித் தடுப்பீர்கள்? ஃபேர்னஸ் காற்று வரும் துவாரங்களை மூடுவீர்களா?

3. என்ன பெயின்ற், என்ன பசை, என்ன பலகை? பெயர்களை விலைக்குறிப்பில் எழுதித் தருவீர்களா?

4. எந்த நாட்களில் நாங்கள் வீட்டில் இருக்கக்கூடாது?

5. கழிவை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்?

முகம் சுளிக்காமல் இவற்றுக்குப் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள். உறவினர் என்பதற்காகக் கேட்காமல் விடாதீர்கள். உறவினர் என்பதற்காகவே கேளுங்கள்.

முடிவாக

எங்கள் மகள் ஏழாம் மாதத்தில் வரவில்லை. நாங்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்மா ஒட்டாவாவுக்குப் போய் நின்றார். சரக்கு அரைத்துப் பத்தியம் எல்லாம் அங்கேயே நடந்தது. ஈயம் இருந்த யன்னல்களை அந்த வேலை தெரிந்தவர்கள் மாற்றி, வீட்டை ஈரத்துணியால் இரண்டுமுறை துடைத்து, அறையைப் பெயின்ற் அடித்து ஆறு வாரம் காற்றாட விட்டோம். பேரன் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. ஏதோ குறைவைத்துவிட்டோம் என்று சில உறவினர்கள் பேசினார்கள். பேசட்டும்.

இப்போது அவன் அந்த நிலத்தில்தான் தவழ்கிறான். கையில் அகப்படுவதையெல்லாம் வாயில் வைக்கிறான். அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதெல்லாம் 1996 கோடை நினைவுக்கு வருகிறது. அன்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. இன்று உங்களுக்கு நாங்கள் சொல்லியிருக்கிறோம். அடுத்தமுறை யாராவது சுத்தியலும் உளியுமாகச் சனிக்கிழமை உதவிக்கு வரச்சொன்னால், கொத்துரொட்டியைப் பற்றிப் பிறகு கேளுங்கள். முதலில் வீடு எந்த ஆண்டு கட்டியது என்று கேளுங்கள்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்.